தானே உருவாக்கிய கேம் கேரக்டருக்காக ஒரு பையன் ஏன் அழுகிறான்? கோத்தகிரி அக்காவுக்கு ஒரு பதில்

கேள்வி இது:

"தம்பி, என் மகன் கோவையில் காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறான். லீவுக்கு கோத்தகிரி வந்திருக்கான். லேப்டாப் ஓடாம நின்னு போச்சுன்னு ஒரு கடையில் கொடுத்து ஃபார்மட் பண்ணி வாங்கினோம். போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் பத்திரமா திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஆனா பால்டர்ஸ் கேட் 3 கேமில் ஒரு வருஷமா அவன் வச்சிருந்த 'நீலா'ங்கிற கேரக்டர் போயிடுச்சாம். மூணு நாளா சரியா சாப்பிடலை. ராத்திரி அழுததைப் பார்த்தேன். தானே செஞ்ச ஒரு பொம்மைக்காக, அதுவும் ஒரு பொண்ணு பொம்மைக்காக, இருபது வயசுப் பையன் அழலாமா? வேற ஒண்ணு செஞ்சுக்கோன்னு சொன்னேன், அதுக்கும் கோபப்படறான். டாக்டர்கிட்ட காட்டணுமா?"

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் டாக்டர் தேவைப்படும் நிலையில் உங்கள் மகன் இல்லை. எப்போது தேவைப்படும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நான் குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்ப்பவன், பள்ளிக்கூட நாட்களில் இருந்தே ரோல் பிளேயிங் கேம்கள், அதாவது ஒரு பாத்திரமாக இருந்து கதைக்குள் வாழும் கேம்கள், ஆடுகிறவன். இதே காரணத்துக்காகக் கண் கலங்கி என் மேஜைக்கு முன்னால் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களும் உண்டு.

விளக்கத்துக்கு முன் ஒரு அவசர வேலை. அந்த லேப்டாப்பில் இப்போதைக்கு எதையும் புதிதாக ஏற்ற வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். ஃபார்மட் செய்வதற்கு முன் கடைகளில் வழக்கமாக டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களைத்தான் காப்பி எடுப்பார்கள். ஸ்கைரிம் போன்ற கேம்கள் டாக்குமென்ட்ஸுக்குள்ளேயே மை கேம்ஸ் என்ற ஃபோல்டரில் சேவ் ஃபைல்களை (ஆடியது வரை பதிந்து வைக்கும் ஃபைல்கள்) வைப்பதால் அவை தப்பிவிடும். பால்டர்ஸ் கேட் 3-இன் சேவ்களோ ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள், லோக்கல், லேரியன் ஸ்டுடியோஸ் என்று அடுக்கடுக்காக உள்ளே போனால்தான் கிடைக்கும். சொல்லாவிட்டால் யாரும் அதைத் தேடிப் போகமாட்டார்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கிய கேம் என்றால், ஸ்டீம் கிளவுடில், அதாவது அவர்களுடைய இணையச் சேமிப்பில், ஒரு பிரதி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் பக்கம் பலர் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பதால் டேட்டாவை மிச்சப்படுத்த அதை அணைத்து வைத்திருப்பார்கள். அவன் என்ன செய்திருந்தான் என்று கேளுங்கள். கேமைத் தயாரித்த லேரியனின் அக்கவுன்ட் ஒன்றை இணைத்து, வேறு கருவியிலும் தொடர உதவும் கிராஸ் சேவ் போட்டிருந்தால் அங்கேயும் தேடலாம். லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி என்ற புது வகைச் சேமிப்பு என்றால் ஃபார்மட்டுக்குப் பிறகு மீட்பது பெரும்பாலும் நடக்காது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, ஆனால் அதன் மேல் புதிதாக ஏற்ற ஏற்ற அந்த நம்பிக்கை குறைந்துகொண்டே போகும். இதையெல்லாம் அவனே பார்த்து முடித்திருக்கலாம். இருந்தாலும் அம்மா கேட்டாள் என்பதே அவனுக்குப் பெரிய விஷயமாக இருக்கும்.

சரி, இனி உங்கள் உண்மையான கேள்வி. அது ஏன் பொம்மையாகத் தெரியவில்லை அவனுக்கு?

இந்த வகை விளையாட்டு கம்ப்யூட்டரில் பிறந்தது இல்லை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தான் இதன் தாய். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, பகடை உருட்டி ஆடுவது. உடல் வலு, அறிவு, விவேகம், சுறுசுறுப்பு, தாங்கும் திறன், ஆளுமைக் கவர்ச்சி என்று ஆறு குணங்களுக்கும் பகடை போட்டு எண் எழுதுவார்கள். அந்தத் தாளைத்தான் கேரக்டர் ஷீட் என்கிறோம். குன்னூரில் எனக்குத் தெரிந்த சிலர் மழைக்கால ஞாயிறுகளில் இன்றும் தாளில்தான் ஆடுகிறார்கள். காயம் பட்டால் எண்ணை அழித்துக் குறைத்து எழுத வேண்டும், ஆறினால் கூட்டி எழுத வேண்டும். அழித்து அழித்து அந்த ஒரு கட்டத்தில் மட்டும் தாள் மெலிந்து, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு ஆகிவிடும். அந்தத் தாளை லேமினேட் செய்து தரட்டுமா என்று ஒருவரிடம் கேட்டதற்கு, அப்புறம் இவனுக்கு ஒன்றுமே நடக்காதே என்றார். பால்டர்ஸ் கேட் 3 இந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகளின் மேல் கட்டப்பட்டது. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் கம்ப்யூட்டருக்கு வெளியிட்டது. உங்கள் மகன் வைத்திருந்த நீலா அந்தத் தாளின் கொள்ளுப் பேத்தி.

கேம் தொடங்கியதும் ஒரு நீண்ட திரை வரும். 11 இனங்கள், 12 தொழில்கள், முகம், முடி, தழும்பு, கண்ணின் நிறம், குரல், பழைய வாழ்க்கை என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். இதில் ஒரு மணி நேரம் செலவழிப்பவர்கள் சாதாரணம். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் பாசம் இங்கேதான் உருவாகிறது என்று நினைக்கிறார்கள். தானே செய்த பொருளுக்கு மனிதர்கள் அதிக மதிப்பு கொடுப்பதை நார்ட்டன், மோச்சன், ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். தான் மடித்த காகிதக் கொக்கு கோணல்மாணலாக இருந்தாலும், கை தேர்ந்தவர் மடித்ததற்கு நிகராக அதற்கு விலை சொல்கிறோம். உண்மைதான். ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் இது தொடக்கத்தை மட்டுமே விளக்குகிறது. முகம்தான் காரணம் என்றால் அதே முகத்தை அரை மணி நேரத்தில் மறுபடி செய்து அவன் சமாதானம் ஆகியிருப்பான்.

முகம் எவ்வளவு சின்னப் பங்கு என்பதற்கு இந்தக் கேமிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2020 அக்டோபரில் இது முழுமை பெறாத நிலையில் முன்கூட்டியே விற்பனைக்கு வந்தது. ஆடியவர்கள் அதிகம் தேர்ந்தெடுத்த அம்சங்களை எல்லாம் சேர்த்து ஒரு முகத்தை உருவாக்கிப் பார்த்தார்கள் லேரியன்காரர்கள். தெருவில் கடந்து போனால் திரும்பிப் பார்க்கத் தோன்றாத ஒரு சாதாரண ஆண் வந்து நின்றான். கொம்பு கொடுத்தோம், வால் கொடுத்தோம், பேய்க்கண் கொடுத்தோம், இப்படிச் செய்துவிட்டீர்களே என்று அவர்கள் பகிரங்கமாக அங்கலாய்த்தார்கள். ஆனாலும் அந்தச் சாதாரண முகங்களோடு மக்கள் நூற்றுக்கணக்கான மணி நேரம் வாழ்ந்தார்கள். இன்னொன்றும் உண்டு. இதே கேமில் எழுத்தாளர்கள் செதுக்கி வைத்த, சொந்தக் கதையும் நல்ல குரலும் உள்ள பாத்திரங்களை எடுத்தும் ஆடலாம். அப்படியும் 93 சதவீதம் பேர் தாங்களே ஒருவரை உருவாக்கித்தான் ஆடினார்கள் என்று கேம் வெளிவந்த முதலாம் ஆண்டு நிறைவில் லேரியன் கணக்கு வெளியிட்டது. முழுசாக எழுதப்பட்ட ஒருவரைவிட, பாதி காலியாக இருக்கும் ஒருவரைத்தான் மக்கள் கேட்கிறார்கள்.

நான் சொல்ல வருவதே அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான். கேம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஒரு உதாரணம். கதையின் தொடக்கத்தில் ஒரு தோப்பு வரும். ஊரை இழந்து வந்தவர்கள் அங்கே தங்கியிருப்பார்கள். அவர்களில் அரபெல்லா என்ற சிறுமி ஒரு புனிதச் சிலையைத் திருடப் போய் மாட்டிக்கொள்வாள். தோப்பின் தலைவி ஒரு பாம்பை அவளுக்குக் காவலாக நிறுத்தியிருப்பாள். பேசிப் பார்க்கலாம், மிரட்டலாம், பேசாமலும் இருக்கலாம். பகடை சரியாக விழாவிட்டால் அந்தச் சிறுமி பாம்பு கடித்து இறந்தும் போவாள். உங்கள் மகனின் நீலா அங்கே என்ன செய்தாள் என்பது சேவ் ஃபைலில் ஒரு சின்னக் குறிப்பாக இருக்கும். ஏன் செய்தாள் என்பது அதில் கிடையாது. அந்தச் சிறுமியைப் பார்த்தபோது நீலாவுக்கு யார் ஞாபகம் வந்தது, தலைவி மேல் ஏன் கோபம் வந்தது, கோபத்தை ஏன் அடக்கினாள் என்பதெல்லாம் ஆடுபவன் மனதில் மட்டுமே நடந்தது. இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள். ஒவ்வொன்றிலும் கேம் ஒரு இடைவெளி விடுகிறது, அவன் நிரப்புகிறான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அங்கே ஒரு ஆள் இருக்கிறாள். அவளை அவனைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கேரியட் என்ற கேம் வடிவமைப்பாளர். 1985-ல் வந்த அவருடைய அல்டிமா 4-ல் முகம் தேர்ந்தெடுக்கும் திரையே கிடையாது. ஒரு குறிசொல்லும் பெண் கேள்வி கேட்பாள். எண்ணப்படாத பணப்பையை ஒருவரிடம் சேர்க்கச் சொல்லி உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வழியில் ஒரு ஏழை கையேந்துகிறான். ஒரு காசு எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நேர்மையா, இரக்கமா? இரண்டுமே நல்லவை, ஒன்றைத்தான் எடுக்க முடியும். இப்படிச் சில கேள்விகளின் பதில்களை வைத்தே நீ யார் என்று கேம் முடிவு செய்யும். அந்தக் காலத்துப் படங்கள் வெறும் புள்ளிக் கட்டங்கள். ஆனாலும் அதை ஆடியவர்கள் தங்கள் பாத்திரத்தை இன்னும் மறக்கவில்லை.

பேச்சு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பால்டர்ஸ் கேட் 3-ல் கூட வரும் தோழர்கள் எல்லோரும் அருமையாகப் பேசுவார்கள். நாம் உருவாக்கியவர் மட்டும் உரையாடல்களில் வாய் திறக்கமாட்டார். வசனத்தை எழுத்தில் தேர்ந்தெடுக்கிறோம், முகம் லேசாக மாறுகிறது, அவ்வளவுதான். பணம் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை என்று சிலர் குறை சொல்வார்கள். என் கருத்து வேறு. 2015-ல் பெதஸ்டா நிறுவனம் தன் ஃபால்அவுட் 4 கேமில் நாயகனுக்கும் நாயகிக்கும் முழுக் குரல் கொடுத்தது. நடிப்பு நன்றாகவே இருந்தது, ஆனால் அது என் ஆள் பேசுகிற மாதிரி இல்லையே என்று பழைய ரசிகர்கள் வருந்தினார்கள். 2023-ல் ஸ்டார்ஃபீல்டு என்ற கேம் வந்தபோது அதே நிறுவனம் குரலை எடுத்துவிட்டது. நீலாவின் குரல் எப்படி இருக்கும் என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். தேர்ந்தெடுக்கும்போது கேட்ட மாதிரிக் குரலைச் சொல்லமாட்டான். அவன் மனதில் வேறொரு குரல் இருக்கும்.

நேர்மாறான உதாரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மாஸ் எஃபெக்ட் கேம்களில் ஷெப்பர்டு என்ற தளபதிக்கு முழுக் குரல் உண்டு. ஆணுக்கு மார்க் மீர், பெண்ணுக்கு ஜெனிஃபர் ஹேல். அங்கே பாசம் வேறு வழியாக வந்தது. 2007, 2010, 2012 என்று மூன்று கேம்களிலும் ஒரே ஷெப்பர்டைத் தொடரலாம். முதல் கேமில் காப்பாற்றியவர் மூன்றாவதில் வந்து கைகொடுப்பார், கைவிட்டவர் வரமாட்டார். மூன்றாவது வெளியானபோது ஒரு கோளாறு: முதல் கேமில் செய்த முகங்களைப் பலருக்கு உள்ளே கொண்டுவர முடியவில்லை. ஐந்து வருஷமாகப் பழகிய முகத்துக்குப் பதில் வேறொருவர் நின்றால் கதையைத் தொடங்கவே மனம் வராது என்று பலர் சொன்னார்கள். தயாரித்தவர்கள் பிறகு ஒரு பேட்ச் (திருத்த ஃபைல்) போட்டுச் சரிசெய்தார்கள். முகம் சின்னப் பங்கு என்று மேலே சொன்னேன், ஆரம்பத்தில்தான் அப்படி. நடந்தவை எல்லாம் சேரச் சேர, அந்த முகம்தான் அவற்றுக்கு அடையாளம் ஆகிவிடுகிறது.

2024-ல் ஃபைனல் ஃபேண்டசி 14 என்ற ஆன்லைன் கேமிலும் இதுதான் நடந்தது. டான்டிரெயில் என்ற புதிய பாகத்தோடு படங்களின் தரத்தை உயர்த்தினார்கள். தோல், முடி, கண் எல்லாம் முன்பைவிடத் தெளிவு. ஆனால் சிலருக்குக் கண்ணின் சாய்வு மாறியிருந்தது, சிலருக்கு உதட்டின் வடிவம். பத்து வருஷமாகத் தினமும் பார்த்த முகம் இது இல்லை என்று முறையிட்டார்கள். தயாரிப்பாளர் நயோகி யோஷிடாவின் குழு அந்தப் புகார்களைக் கேட்டு முகங்களைத் திருத்தியது. ஒரு கேரக்டரின் முகத்தை முழுசாக மாற்றிக்கொள்ள உதவும் பேண்டேசியா என்ற மருந்து அந்தக் கேமில் உண்டு, வழக்கமாகக் காசுக்கு விற்பது. அதையும் இலவசமாகக் கொடுத்தார்கள். வெளியாட்களுக்கு அந்தப் பழைய முகத்துக்கும் புதிய முகத்துக்கும் வித்தியாசமே தெரியாது. ஆடியவர்களுக்குத் தெரிந்தது.

நம் மலையில் இருந்து ஒரு உதாரணம் சொன்னால் இன்னும் விளங்கும். கூடலூர்ப் பக்கம் டான்டீ லைனில் வளர்ந்த ஒரு பையன் என்னிடம் வேலை பழக வந்தான். இலங்கையில் இருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை என்பது உங்களுக்குத் தெரியும். அவனுடைய தாத்தா பாட்டி அப்படி வந்தவர்கள். அவன் ஸ்கைரிம் ஆடுவான். அதில் பத்து இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவன் எப்போதும் டன்மர் இனத்தைத்தான் எடுப்பான். சாம்பல் நிறத் தோல், சிவந்த கண். பார்க்க மிரட்டலாக இருப்பதால் எடுக்கிறான் என்று நினைத்தேன். அந்தக் கதையில் ஒரு எரிமலை வெடித்து டன்மர்களின் நாடு அழிந்துபோகும். வின்ட்ஹெல்ம் என்ற நகரத்தில் அகதிகளாக, கிரே குவார்ட்டர் என்ற இடிந்த பகுதியில் ஒடுங்கி வாழ்வார்கள். நகரத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவதே, ஒரு டன்மர் பெண்ணை உள்ளூர்க்காரர்கள் இருவர் வழிமறித்து, உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று திட்டுவதுதான். அந்த நகரத்தை ஆள்பவரின் புரட்சிப் படையில் சேர்ந்தும் கேமை முடிக்கலாம். பலர் அப்படித்தான் முடிப்பார்கள். இவன் ஒரு தடவைகூடச் சேரவில்லை. சேர்ந்தால் வரும் நல்ல கவசத்தைப் பற்றி மற்றவர்கள் சொன்னபோது, என் ஆள் சேரமாட்டாள் என்றான். பாட்டி சொன்ன கதைகளை அவன் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கேரக்டரின் கதையை, அவள் எந்தக் கப்பலில் வந்தாள், கரையில் யார் முதலில் தண்ணீர் கொடுத்தார்கள் என்பது வரை சொன்னான். கேமில் அப்படி ஒரு காட்சியே கிடையாது.

அவன் "என் ஆள்" என்றான், "நான்" என்று சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள், ஏனென்றால் பெண் பொம்மை என்று நீங்கள் கவலைப்பட்டதற்கான பதில் இதில் இருக்கிறது. ஆடுபவருக்கும் கேரக்டருக்கும் உள்ள உறவு ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு அது வெறும் கருவி, எந்த வாள் அதிகம் வெட்டும் என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை. சிலருக்கு அது தானேதான். சிலருக்குத் தானும் அதுவும் பாதிப்பாதி. சிலருக்கு அது முழுக்க வேறொரு ஆள், அவர் நலனைத் தான் பார்த்துக்கொள்கிறோம் என்ற உணர்வு. ஜெய்மி பேங்க்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படி நான்கு வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார், நான் பார்த்தவர்களுக்கும் அது பொருந்துகிறது. நாலாவது வகைக்காரர்களுக்குக் கேரக்டர் ஆணா பெண்ணா என்பது, ஒரு எழுத்தாளருக்குக் கதாநாயகி அமைவதைப் போலத்தான். ஆண்கள் பெண் கேரக்டரை எடுத்து ஆடுவது கேம் உலகத்தில் மிகச் சாதாரணம். மாஸ் எஃபெக்ட் மூன்றும் 2021-ல் ஒரே தொகுப்பாக மறுபடி வந்தபோது வெளியிட்ட கணக்கில் பெண் ஷெப்பர்டை எடுத்தவர்கள் 32 சதவீதம். எனவே அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். அப்படியே அது அவனைப் பற்றி ஏதோ சொல்கிறது என்றாலும், அதை அவனே ஒருநாள் சொல்லட்டும்.

தன்னைவிடத் தான் விரும்பும் தன்மைக்கு நெருக்கமாகத்தான் பலர் கேரக்டரை உருவாக்குகிறார்கள் என்று 2007-ல் பெஸியர், சே, கீஸ்லர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் ஆடுபவர்களிடம், நீங்கள் எப்படி, எப்படி இருக்க ஆசை, உங்கள் கேரக்டர் எப்படி என்று மூன்றையும் கேட்டார்கள். கேரக்டர் இரண்டாவதின் பக்கம் சாய்ந்திருந்தது. மனம் சோர்ந்திருந்தவர்களிடம் அந்தச் சாய்வு இன்னும் அதிகம். கூச்சமுள்ள பையன் துணிச்சலானவளை உருவாக்குவான், கோபக்காரன் பொறுமையானவரை. நவம்பர் மழையில் கலெக்டர் லீவு விட்டு, மூடுபனியில் எதிர் வீடு தெரியாமல், ஐந்தரைக்கே இருட்டிவிடும் நம் ஊர்ப் பகல்களில் தனியாக உட்கார்ந்து இதைப் பழகுகிறார்கள். இது பொழுதுபோக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு நல்ல ஆளாக இருந்து பார்ப்பது அது.

இப்போது, "வேற ஒண்ணு செஞ்சுக்கோ" என்றதும் அவனுக்கு ஏன் கோபம் வந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவன் பிறந்தபோது நீங்கள் ஒரு ஸ்வெட்டர் பின்னியிருப்பீர்கள். அது தொலைந்துபோய், அதே நிறத்தில் நூல் இருக்கிறதே, இன்னொன்று பின்னிக்கொள் என்று யாராவது சொன்னால் என்ன தோன்றும்? நூல் அதேதான், அந்தக் குளிர்காலம் அதில் இருக்காது. அவன் விஷயத்தில் இன்னொரு கஷ்டமும் சேர்கிறது. ஸ்வெட்டரை ஊரே பார்த்திருக்கும். நீலாவை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் ஒருவரிடமும் சொல்லி அழ முடியாது, சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் ராத்திரி அழுதான்.

சேர்ந்து அழ ஆள் இருந்தால் எவ்வளவு வேறாக இருக்கும் என்பதற்கு சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேமைச் சொல்வேன். 2004-ல் தொடங்கியது. உடை, முகமூடி, பறக்கும் விதம் எனத் தனக்குப் பிடித்தபடி ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்க அதில் இருந்த வசதி அந்தக் காலத்தில் வேறெங்கும் இல்லை. 2012 நவம்பர் 30 அன்று என்சிசாஃப்ட் நிறுவனம் அதை மூடியது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆடியவர்கள் கேமுக்குள்ளேயே அட்லஸ் பார்க் என்ற இடத்தில் தங்கள் கேரக்டர்களோடு கூடி, கையில் தீபம் ஏந்தி நின்றார்கள். சில ரசிகர்கள் தனி சர்வரில் அதை ரகசியமாக உயிரோடு வைத்திருந்தது 2019-ல் வெளியே தெரிந்தது. 2024 ஜனவரியில் என்சிசாஃப்டே ஹோம்கமிங் என்ற ரசிகர் குழுவுக்கு முறையான அனுமதி கொடுத்தது. லாபம் வராது என்று மூடிய ஒன்றை, பதினோரு வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இந்தப் பாசம்தான்.

இன்னொருவரைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டூஷென் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில், பெரும்பாலும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடியே நாட்களைக் கழித்தார். 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தார். நட்பு, காதல் எதையும் அறியாமல் தனிமையில் போய்விட்டானே என்று பெற்றோர் உடைந்துபோனார்கள். அவருடைய வலைப்பதிவில் இறப்புச் செய்தியைப் போட்டார்கள். பல நாடுகளில் இருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. கேமில் அவர் இபெலின் ரெட்மூர் என்ற துப்பறிவாளர். விலகி இருந்த ஒரு தாயும் மகனும் நெருங்கி வர உதவியிருந்தார், மனம் சோர்ந்தவர்களோடு மணிக்கணக்கில் பேசியிருந்தார். இறுதிச் சடங்குக்கு அந்த நண்பர்களில் சிலர் வெளிநாட்டில் இருந்து வந்து நின்றார்கள். 2024-ல் வந்த ஆவணப்படம் இந்த வாழ்க்கையைச் சொல்கிறது. மகன் இருந்தபோதே இபெலினைப் பற்றிக் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் எந்தப் பெற்றோருக்கும் வரும். நீலா அவன் தனியாக ஆடிய கேமின் பாத்திரம், அவளுக்கு இப்படி நண்பர்கள் இல்லை. உங்களுக்கோ நேரம் இருக்கிறது, மகன் பக்கத்து அறையில் இருக்கிறான்.

டாக்டர் விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 என்ற நோய்ப் பட்டியலில் கேமிங் டிஸார்டர் என்ற ஒரு நிலை உண்டு. 2022 ஜனவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆடுவதை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கு முதலிடம், கெடுதல் வருவது தெரிந்தும் தொடர்வது. இவை சுமார் ஒரு வருஷம் நீடித்து, படிப்பையோ குடும்ப வாழ்க்கையையோ கெடுத்திருந்தால்தான் அந்தப் பெயர். ஒரு வருஷமாக ஒரே கேரக்டரை ஆடினான் என்பது இதில் வராது. பரீட்சை எழுதுகிறான், லீவுக்கு வீட்டுக்கு வருகிறான், இழப்புக்கு அழுகிறான் என்றால் மனம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. இரண்டு வாரம் கழிந்தும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை, வேறு எதிலும் ஆர்வம் இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால், அப்போது காரணம் கேம் மட்டும் இல்லை என்று எடுத்துக்கொண்டு உதவி தேடுங்கள். அப்படிப் பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இன்று சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நீலா யார், எந்த ஊர்க்காரி, அந்தப் பாம்பு விஷயத்தில் என்ன செய்தாள் என்று கேளுங்கள். முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். விடாமல் கேளுங்கள். நடுவில் அறிவுரை வேண்டாம். போனில் ஸ்கிரீன்ஷாட் ஏதாவது அனுப்பியிருப்பான் நண்பர்களுக்கு, அதைக் காட்டச் சொல்லுங்கள். முகம் அதிலிருந்து கிடைத்துவிடும், முகத்தை மறுபடி செய்ய அது போதும்.

மறுபடி செய்வதா வேண்டாமா என்பதை அவனிடமே விடுங்கள். சிலர் அதே முகம், அதே பெயர் வைத்து, அதே முடிவுகளை வரிசையாக எடுத்து வேகமாகப் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். பாதி வழியில் அலுத்துவிடும், ஏனென்றால் முதல் தடவை இருந்த தயக்கம் இப்போது இருக்காது. என் அனுபவத்தில் நன்றாக அமைவது வேறொரு வழி: தொலைந்தவளின் தங்கையாகவோ, அவளிடம் பழகியவனாகவோ ஒருவரை உருவாக்குவது. அந்தப் புதிய ஆளுக்கு நீலாவைத் தெரியும், அவள் எடுத்த முடிவுகளும் தெரியும், சிலவற்றில் உடன்பாடு இல்லாமலும் போகலாம். லேப்டாப்பில் இப்போதைக்கு ஒன்றும் ஏற்றாமல் வைத்திருக்கும் இந்த நாட்களில், அந்த ஆளைத் தாளிலேயே எழுதத் தொடங்கலாம். அவனுக்கு விருப்பம் இருந்தால் குன்னூர்ப் பக்கம் வரும்போது அனுப்புங்கள். ஞாயிறு மேஜையில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.